மச்சானுக்காகக் கேட்ட விலை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவர் இப்போது இல்லை. அதனால் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"தொழிற்சாலை அதிகாரி ஒருவர் தன் புற்றுநோய்க்கு மூன்று நாடுகளில் விலை விசாரித்தார்." செய்தித்தாள் வாடை அடிக்கிறது.

"என் கணவர் நல்ல மனிதர்." எந்தக் கணவர்தான் போன பிறகு கெட்டவர்?

"கூடத்தில் தன் கணவர் தன்னைத் தங்கச்சி என்று யாரிடமோ சொல்வது சமையலறையில் நின்றிருந்த அவள் காதில் விழுந்தது." இது இருக்கட்டும்.

அந்த 'அவள்' நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. 'நான்' என்று ஆரம்பித்தால் இரண்டாம் பத்தியிலேயே மூக்கைச் சிந்த வேண்டி வருகிறது. 'அவள்' என்றால் நாலடி தள்ளி நின்று பார்க்க முடிகிறது. இந்த வித்தை அவரிடம் கற்றது.

2

அவர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தார். திருகாணியோ லாரி டயரோ, மூன்று இடத்தில் விலை கேட்காமல் வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். சட்டம் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. கன்னம் பூரி மாதிரி வீங்கியிருந்த ஒரு நாள்கூட, பல் பிடுங்க மூன்று பல் டாக்டரிடம் விலை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

அவருக்கு இரண்டு கொள்கை. ஒன்று, விற்பவன் சொல்வது அவன் வாசல் விலை. நாம் கணக்கிட வேண்டியது நம் வாசலில் வந்து இறங்கும் விலை. இரண்டு, வாங்குகிறவன் குரலில் அவசரம் தெரியக் கூடாது. யாருக்கு என்று கேட்டால் "தெரிஞ்சவருக்கு" என்று சொல்லிவிட வேண்டும்.

வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன மறுநாள், அவர் கூடத்து மேசையில் போனை வைத்துக்கொண்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அன்று அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். ஆபீசுக்குப் போவது போல. அதை எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.)

மூன்று விலை. ஒன்று, நம் ஊர் ஆஸ்பத்திரி. இரண்டு, ஒரு பணக்கார நாடு. அங்கே புது மருந்து ஒன்று இருந்தது, சிலருக்குக் கேட்கிறது என்றார்கள். விலை ஏறக்குறைய எங்கள் வீட்டின் விலை. மூன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாடு. வெளியிலிருந்து வரும் நோயாளிகளை நம்பியே நடக்கும் பெரிய ஆஸ்பத்திரி. தமிழில் பேசவே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

3

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், அந்தத் தமிழ் பேசும் பெண்ணிடமும். அதனால் அவள் ஒட்டுக் கேட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது.

"யாருக்கு சார் ட்ரீட்மென்ட்?"

"என் மச்சானுக்கும்மா. தங்கச்சி வீட்டுக்காரர்."

அவருக்குத் தங்கச்சியே கிடையாது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"சரி சார். ரிப்போர்ட் அனுப்புங்க, எங்க டாக்டர் பாத்ததும் பேக்கேஜ் சொல்றேன்."

"பேக்கேஜ்ங்கறது உங்க வாசல் விலை. எனக்கு வீட்டு வாசல் விலை வேணும். ரெண்டு பேர் டிக்கெட், ரூம் வாடகை, சாப்பாடு, மறுபடி மறுபடி எடுக்கிற ஸ்கேன், பணம் மாத்துற கமிஷன், எல்லாம் உள்ளே வரணும்."

"போட்டுத் தர்றேன் சார். திரும்பி வர்ற டிக்கெட்டும் ரெண்டு பேருக்கும் போட்டுடறேன்."

"அதை ரெண்டு விதமா போடுங்க. ரெண்டு பேரும் சீட்டுல வந்தா எவ்வளவு. ஒருத்தர் சீட்டுலயும் ஒருத்தர் பெட்டியிலயும் வந்தா எவ்வளவு."

அந்தப் பெண் ஒரு முறை இருமினாள். பிறகு, "கேட்டுச் சொல்றேன் சார்" என்றது குரல்.*

போனை வைத்ததும் அவள் கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க, நீங்க எப்போ எனக்கு அண்ணன் ஆனீங்க?"

"வியாபாரத்துல வந்த உறவு. கண்டுக்காதே."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு நல்ல உறவா பாத்துப் புடிச்சீங்க."

"நோயாளியே பேசினா விலையை ஏத்திடுவான். மச்சானுக்குன்னா, இந்த ஆளு வேணாம்னு போனாலும் போயிடுவான்னு ஒரு பயம் இருக்கும்."

"இது என்ன கத்திரிக்காயா?"

"கத்திரிக்காயா இருந்தா சொத்தையை ஒதுக்கிட்டு வாங்கலாமே. இதுல சொத்தைக்குத்தானே விலை பேசறோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்குத் தன்மேலேயே கோபமும் வந்தது.

* அந்த விலையும் வந்தது. உடல் விமானத்தில் சரக்காகப் போகிறபோது எடைக் கணக்காம். "மெலிஞ்சதுல இந்த ஒரு லாபம்" என்றார் அவர். கதையில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

4

போனில் பேசிய இந்தப் பெண்ணை நம்பலாமா? கதாபாத்திரமாகச் சொல்கிறேன். நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கொண்டையா, குட்டை முடியா, தெரியாது. குரலில் கொஞ்சம் சளி இருந்தது. பேசும்போது பின்னால் யாராவது எப்போதும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு மூக்குத்தியைக்கூட நான் சேர்க்கப் போவதில்லை.

மச்சானைப் பற்றி வேண்டுமானால் நிறையச் சொல்லலாம். ஒவ்வொரு போனிலும் அவன் வளர்ந்தான். முதலில் வயதும் எடையும் மட்டும்தான் இருந்தன. பிறகு பிடிவாதம் வந்தது. கஞ்சியைக் கண்டால் முகம் சுளிக்கும் பழக்கம் வந்தது. என் கணவர் தன்னைப் பற்றி என்னிடம் சொல்லாததையெல்லாம் மச்சானைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான் என்ன சார் சொல்றாரு? எங்க பண்ணிக்கலாம்னு நினைக்கிறாரு?"

"அவன் பயந்து போயிருக்கான்."

"எல்லாருக்கும் இருக்கும் சார்."

"சாகறதுக்கு இல்லம்மா. என் தங்கச்சிக்குப் பயப்படறான். அவ வீட்டை வித்துடுவா. வித்து, இவனை இழுத்துக்கிட்டு அந்தப் புது மருந்து இருக்கிற நாட்டுக்குப் போவா. மருந்து கேக்கலைன்னா அவ ஒத்தையா திரும்பி வரணும். எந்த வாசல்ல வந்து இறங்குவா?"

"தங்கச்சிகிட்ட சொல்லலாமே சார்."

"அவன் சொல்ல மாட்டான். வாயில்லாப் பூச்சி."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை. முந்தின நாள்தான் அவள் தெருமுனைத் தரகரிடம், வீட்டை வந்து பார்க்கும்படி சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

5

அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள் எடுத்தாள்.

"சார் இல்லைங்களா? நீங்க... தங்கச்சியா?"

'இல்லை, மனைவி' என்று சொல்லியிருக்கலாம். கதை அங்கே ஒழுங்காகத் திரும்பியிருக்கும். அவள், "ஆமாம்மா" என்றாள்.

"அக்கா, உங்க அண்ணன் மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்ல. தலையணை உறைக்குக் காசு உண்டான்னு கேட்டாரு. எல்லாம் கேட்டவரு ஒண்ணை மட்டும் கேக்கவே இல்ல."

"என்னது?"

"இவ்வளவும் குடுத்தா எத்தனை மாசம் கிடைக்கும்னு."

ஒரு பெட்டியில் எத்தனை திருகாணி என்று எண்ணாமல் கையெழுத்துப் போடாத மனிதர். மூன்று நாட்டு விலையையும் பைசா சுத்தமாக ஒப்பிட்டார். விலைக்கு என்ன வரும் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"நான் கேக்கறேன்" என்றாள் அவள்.

"எங்க டாக்டர் ரிப்போர்ட் பாத்துட்டாருக்கா. ஆபரேஷன் கட்டம் தாண்டிடுச்சுன்னு சொல்றாரு. மருந்து குடுக்கலாம். உங்க ஊர்ல குடுக்கிற அதே மருந்துதான். இங்க வந்தா ரூம் நல்லா இருக்கும். இதை நான் சொல்லக் கூடாது, வேலை போயிடும்."

"அந்தப் புது மருந்து?"

"சிலருக்குக் கேக்குது. உங்க வீட்டுக்காரருக்குக் கேக்குமான்னு யாருக்கும் தெரியாதுக்கா. அந்த நாட்டு டாக்டருக்கும் தெரியாது."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

6

அவர் துண்டோடு வந்து உட்கார்ந்தார். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க மச்சானுக்குப் போன் வந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். கொள்முதல்காரர் முகம், ஒன்றும் தெரியவில்லை.

"யாரு எடுத்தது?"

"உங்க தங்கச்சி."

கொஞ்ச நேரம் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தங்கச்சி என்ன நினைக்கிறா?" என்று கேட்டார்.

"அவளுக்கு வீடு வேணாமாம். அந்த மருந்து கேக்க ஒரு வழி இருந்தாலும் போய்ப் பாக்கணுமாம்."

"மச்சான் அவ சொன்னா வருவான். கிளம்பிடுவான். ஆனா அவனுக்கு மனசில்ல."

"ஏன் மனசில்ல? உசுருக்கு மேல வீடா?"

"பாஷை தெரியாத ஊர்ல, வாந்தி வர்றப்போ பாத்திரம் எங்க இருக்குன்னு இவ தேடிக்கிட்டு நிப்பா. அதைப் பாக்கணுமா அவன்? இங்கன்னா அவளுக்கு இருட்டுலயும் கை போகும்."

"கேக்கலாம்ல அந்த மருந்து. கேட்டுட்டா?"

அவர் துண்டை மடியில் மடித்து வைத்தார். "கேட்டிருக்குமோன்னு அவ காலம் பூரா நினைப்பா. அது தெரியும். அந்த விலையை மட்டும் எனக்குப் போடத் தெரியல."

'எனக்கு' என்று சொன்னார். மச்சானை விட்டுவிட்டார். அவள் எழுந்து போய் அவர் ஈர முதுகைத் துடைத்தாள். தரகர் சாயங்காலம் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, வேண்டாமென்று அனுப்பிவிட்டாள்.

7

மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவதில் பணக்கார நாட்டுக்குப் போனார்கள், மருந்து கேட்டது. நன்றாகத்தான் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பெயர் தெரியாத மரங்கள்கூட வைத்தேன். ஆனால் அந்தக் கதையில் அவர் பேசவே மறுக்கிறார்.

இரண்டாவதில் போனார்கள், கேட்கவில்லை. அவள் ஒற்றை டிக்கெட்டில்

வேண்டாம்.

மூன்றாவதுதான் நடந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரி, அதே மருந்து, இந்த வீடு. சில நல்ல மாதங்கள், பல மோசமான வாரங்கள். ஒரு காலையில் முடிந்தது. மூன்றில் எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் போன் அடித்தது. சளிக் குரல். பின்னால் தட்டச்சு.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் ஃபைலை முடிச்சு வைக்கணும். அதான்... எப்படி இருக்காரு?"

"போயிட்டாரும்மா."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்:

"உங்க அண்ணன் கூட இருக்காருல்லக்கா? அவரு தாங்க மாட்டாரே. மச்சான்னா உசுரா இருந்தாரே."

உலகத்தில் அவர் உயிரோடிருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது அந்தப் பெண்ணின் நினைப்பு. அங்கே அவர் ஆரோக்கியமாக, நல்ல சட்டை போட்டு, தலையணை உறைக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அங்கேயும் ஒரு சாவு. சொல்லாவிட்டால், அவளோடு சேர்ந்து அழ இந்த உலகத்தில் சரியான ஒரே ஆளான அந்தப் பெண்ணை அவளே ஏமாற்றுகிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. போனை உங்கள் கையில் தருகிறேன்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"