நாற்பத்தொரு சொல் கலப்படம்

பழைய கப்பல் கயிறு விற்றுப் பிழைத்தவன் நான். எடை போடுமுன் கயிற்றில் ஒரு குடம் தண்ணீர் தெளிப்போம். வாங்க வருகிறவனுக்கும் அது தெரியும். தெரிந்தே அவன் பத்துக் கிலோ கழிக்கச் சொல்வான், தெரிந்தே நான் எட்டுக் கிலோ கழிப்பேன். டீ குடித்துவிட்டுப் பிரிவோம். இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன், வியாபாரப் பேச்சு. எதிராளிக்குத் தெரியாமல் கலந்தால்தான் கலப்படம். அதை என் அறுபத்தெட்டாம் வயதில்தான் முதன்முதலாகச் செய்தேன். கயிற்றில் அல்ல.

2004 ஜூன் மாதம் ரமாபாய் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தாள். வியாசர்பாடிப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துத் திட்டத்தில் தற்காலிக வேலை. புத்தகம், பேப்பர் என்று எழுத்தில் வராத சின்ன மொழிகளைப் பேசுகிறவர்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவைத்துப் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டருக்கு மொழி சொல்லிக்கொடுக்க அதுதான் மூலச்சரக்காம்.

"ஹாசம் சேட் நீங்கதானே? கச்சி பேசுவீங்கன்னு சொன்னாங்க."

"பேசுவேன். கேக்கத்தான் ஆளில்ல," என்றேன்.

கச்சி எங்கள் வீட்டு மொழி. என் பாட்டன் குஜராத்தில் கட்ச் பக்கத்திலிருந்து கப்பலேறி வரும்போது கூடவே வந்தது. ராயபுரத்தில் ஒரு காலத்தில் பதினோரு வீட்டில் பேசினார்கள். கீழ்ப்பாக்கம், துபாய், கல்லறை என்று ஒவ்வொரு வீடாகக் காலியானது. ஏழு வருஷத்துக்கு முன் என் மனைவி சகினா போனாள். ஷார்ஜாவில் இருக்கும் மகன் ஃபோனில் இங்கிலீஷ் பேசுவான். அதன்பின் நான் கச்சியில் திட்டியது மின்சார மீட்டரை மட்டும்தான்.

வியாழக்கிழமை தோறும் வந்தாள். ஜன்னலைச் சாத்துவாள், மின்விசிறியை நிறுத்துவாள், சிகரெட் பெட்டி அளவு ரெக்கார்டரை என் முன் வைப்பாள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தடவை சொல்லவேண்டும். தண்ணீர், நெருப்பு, அண்ணன், உப்பு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் அந்தச் சொல் பாழ். லாரி கடக்கும்வரை வேர்த்து ஒழுகிக்கொண்டு இருவரும் கதை பேசுவோம். முதல் வாரம் 'சார்' என்றவள் மூன்றாம் வாரம் 'நைனா' என்றாள். "அச்சோ" என்றால் 'வாங்க' என்று கற்றுக்கொண்டு, என் வீட்டு வாசலிலேயே என்னை அச்சோ, அச்சோ என்று வரவேற்றாள்.

ஆயிரத்து இருநூறு சொல் பட்டியல். நான் வேகக்காரன்.

"இன்னா நைனா, இந்த ஸ்பீடுல போனா ரெண்டே வாரத்துல முடிஞ்சிடும். அப்பால உன்ன யாரும் பேஜாரு பண்ண மாட்டாங்க."

அன்றிலிருந்து வேகத்தைக் குறைத்தேன்.

பட்டியலின் கடைசியில் ஒரு காலிப் பக்கம். 'பேச்சாளருக்குத் தெரிந்த பிற சொற்கள்.' அங்கேதான் கை வைத்தேன். கடைக்கு வந்து எல்லாச் சாமானையும் விலை கேட்டுவிட்டு எதையும் வாங்காமல் போகிறவன் இருக்கிறானே, அவனுக்கு 'தபூக்ரோ' என்று ஒரு பெயர் வைத்தேன். ரமாபாய் துள்ளினாள்.

"தமிழ்லயே இதுக்கு ஒரு வார்த்தை இல்லியே நைனா!"

"எங்காளுங்க வியாபாரிங்க. தேவைப்பட்டது, வச்சாங்க."

அடுத்த வாரம் நனைந்த சணலின் வாடைக்கு ஒரு சொல். அதற்கடுத்த வாரம், விருந்தாளி போனபின் வீட்டில் விழும் அமைதிக்கு ஒரு சொல். பத்து அசலுக்கு ஒன்று போலி, அதற்கு மேல் கலந்தால் நிறம் காட்டிவிடும். மறந்து மாற்றிச் சொல்லிவிடக் கூடாதென்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்து, அவள் வருமுன் பள்ளிப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தேன். செப்டம்பர் வந்தபோது அந்தக் காலிப் பக்கத்தில் நாற்பத்தொன்று சேர்ந்திருந்தது. ரெண்டு வாரத்தை மூன்று மாதமாக இழுத்திருந்தேன்.

அப்போதுதான் சொன்னாள். "நைனா, இன்னொரு ஆள் கெடைச்சிட்டாங்க! எர்ணாவூர்ல. கடைசிப் பக்கத்துல நீ குடுத்த வார்த்தையெல்லாம் அவங்களாண்ட கேட்டு ஒத்துப்பாக்கணும். அடுத்த மாசம் உன் லிஸ்ட்ட மூடறோம்."

"யாரு? பேரு இன்னா?"

"அது சொல்லக்கூடாது. லிஸ்ட் மூடற வரைக்கும் ஒர்த்தர பத்தி ஒர்த்தருக்குத் தெரியக்கூடாதாம். நீ ஒண்ணாம் குரல், அவங்க ரெண்டாம் குரல்."

ரெண்டாம் குரல் கேட்டதும் என் போலியெல்லாம் அம்பலமாகிவிடும். என் பேர் கெடுவது பெரிசில்லை, கெடுவதற்கு அது யாருக்குத் தெரியும்? ஆனால் இவளுடைய வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. போலிச் சரக்கு கொண்டுவந்தவள் என்று ஆகிவிட்டால் பேராசிரியர் மறுபடி கூப்பிடுவாரா? வியாழன் வரட்டும், கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

வியாழன் வந்தது. வாயைத் திறக்குமுன் அவளே கத்தினாள். "நைனா! நாப்பத்தொண்ணுல முப்பத்தொம்போது கரீக்டுன்னாங்க! மீதி ரெண்டு நீ உச்சரிக்கிறது தப்பாம். அவங்க திருத்திக் குடுத்தாங்க."

என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

ஒரு வயதான அம்மாளின் குரல். ஏழு வருஷம் கழித்து இன்னொரு வாயிலிருந்து கச்சி. அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: 'தபூக்ரோ, ஆமாம், எங்கம்மா சொல்வாள். வளையல்காரன் வரும்போது என் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவாள்.' நான் ஜூலையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்த சொல் அது. பிறகு அவள், கேட்காமலே, ஒன்பது சொல் தானாகக் கொடுத்தாள். ஒன்றைக்கூட நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மாடிப்படியில் பழகிய காலடிச் சத்தத்துக்கு ஒன்று. ஆறிய டீயை மறுபடி சூடாக்குவதற்கு ஒன்று. சரக்குத் தெரிந்தவன் நான். என் நாற்பத்தொன்றைச் செய்த அதே கைப்பக்குவம் என்று கேட்டதும் தெரிந்தது.

கடைசியில் அவசரமாக ஏதோ சொன்னாள்.

"அது இன்னா நைனா? எனக்கு வெளங்கல."

"செவ்வாய்க்கெழம வர மறந்துடாத, இன்னும் நெறைய கீதுன்னு சொல்றாங்க," என்றேன். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தேன். "ரமா, அந்தப் பொட்டிய நிறுத்து."

நிறுத்தினாள்.

"அந்த நாப்பத்தொண்ணும் நான் பண்ணது. ஒண்ணுகூட கச்சி இல்ல."

முதலில் சிரித்தாள். காலண்டர் தாளைக் கொடுத்ததும் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"மூணு மாசம் நைனா. வேர்த்து செத்துகினு எழுதினேன். எதுக்கு?"

"முடிஞ்சா நீ வரமாட்டியே."

"வராமப் போனா போன் பண்றதுதானே! கலீஜு வேல பண்ணி வச்சிகீறியே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள். நாற்பத்தொன்றையும் அடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. அடித்து முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"அப்ப அந்தம்மா ஏன் கரீக்டுன்னாங்க?"

"வயசானவங்க. இல்லன்னு சொன்னா உன் மனசு நோகுமேன்னு சொல்லியிருப்பாங்க."

"அவங்க குடுத்த ஒம்போது?"

பேனா அந்தப் பக்கத்தின் மேல் நின்றது. ஆயுசில் எத்தனையோ பேரின் கண்ணைப் பார்த்துப் பொய் விலை சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சிரமப்பட்டதில்லை.

"அசல்," என்றேன். "எங்க வூட்டுல சொல்வாங்க. நான்தான் மறந்துட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்பதுக்கும் டிக் போட்டாள். அசல் என்று நம்பிப் போட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"உன் லிஸ்ட் முடிஞ்சிடுச்சு நைனா. இனிமே அந்தம்மாதான். செவ்வாயோட வியாழனும் அங்க போவணும்."

சாமானை எல்லாம் பையில் போட்டாள். கதவுவரை போனவள் திரும்பினாள். கோபம் முழுசாகப் போகவில்லை.

"ரூல்ஸுல இல்ல. ஆனா அவங்களுக்கு எதுனா சேதி சொல்லணுமா?"

கச்சியில் சொல்லவேண்டியது ஏழு வருஷத்துக்குச் சேர்ந்து கிடந்தது. எதை எடுத்தாலும் அந்த அம்மாளுக்குக் காரியம் கெட்டுவிடும்போல இருந்தது.

"அவசரப்படாம மெதுவா சொல்லச் சொல்லு," என்றேன். "வாரத்துக்கு நாலஞ்சு சொல்லு போதும்."