சந்திரனின் ஸ்வெட்டர்

தனக்கு வலிப்பு உண்டு என்பதைப் புது அலுவலகத்தில் சிந்து சொல்லவில்லை. முன்பு சொன்ன இடங்களிலெல்லாம் வேலை கைநழுவிப் போயிருந்தது. இந்தத் தொம்மலூர் வேலையை வாங்கித் தந்தவர் மமதா. உடல்நலக் குறை உள்ளவர்களுக்கு வேலை தேடித்தரும் ரிச்சர்ட்ஸ் டவுன் மையத்தின் ஆலோசகர். என்ன நோய் என்று வெளியே சொல்வது சிந்துவின் விருப்பம்தான்; ஆனாலும் குழுவில் ஒருவரிடமாவது சொல்லிவைக்கும்படி அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். சிந்து மசியவில்லை.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மீட்டிங் ரூமில் தனியாக இருந்தவளுக்கு ரப்பர் கருகும் வாடை வந்தது. வலிப்புக்கு முன் எப்போதும் வரும் வாடை. எழுந்தாள், கால்கள் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் சொன்னது:

"கீழ உக்காரும்மா. ஒருக்களிச்சுப் படு. நான் இருக்கேன்."

விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தாள். அவளது மூக்குக்கண்ணாடியை யாரோ கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். தலைக்கடியில் மடித்த நீல ஸ்வெட்டர். அறையில் யாரும் இல்லை. ஸ்வெட்டரின் கைகளுக்குள் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

மாலையில் அதை மையத்துக்கு எடுத்துப் போனாள். முழங்கையில் இருந்த ஒட்டுத்தையலைப் பார்த்ததும் மமதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சந்திரன் என்பவரை அவர் முன்பு அதே கம்பெனியில் சேர்த்துவிட்டிருந்தார். அவரும் வலிப்பை மறைத்தவர். அதே அறையில் தனியாகக் குப்புற விழுந்து, மூச்சுத் திணறி இறந்துபோனார்.

"இது அவரோட ஸ்வெட்டர். அவர் போனப்புறம் நானே அவர் மனைவி கையில கொடுத்தேன்" என்றார் மமதா.

இருவரும் ஒக்கலிபுரத்துக்குப் போனார்கள். சந்திரனின் மனைவி ஜெயலக்ஷ்மி ஸ்வெட்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆச்சரியப்படவில்லை. காலையில் பீரோவைத் திறந்தபோதே காணவில்லை என்றார். பிறகு சிந்துவைப் பார்த்தார்.

"நீயும் யார்கிட்டயும் சொல்லலையா?"

இல்லை என்று சிந்து தலையசைத்தாள்.

"சொல்லிடும்மா. அவரு இன்னும் ஆபீஸ் போய்ட்டுதான் வராரு. தினம் ஷூ சத்தம் கேக்குது. எத்தன நாளைக்குத்தான் போவாரு?"

மறுநாள் மேலாளர் ஸ்ரீகண்டனிடம் சிந்து எல்லாவற்றையும் சொன்னாள், ஸ்வெட்டரைத் தவிர.  அவர், வலிப்பு வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

அதைச் சொல்லிக்கொடுக்க மமதா வந்தார். கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கூடவே இருங்கள் என்றார். பக்கத்து மேசை ரக்ஷா தரையில் படுத்துக் காட்டினாள். ஸ்ரீகண்டன் முழந்தாளிட்டு அவளைத் திருப்பினார், தப்பாகத் திருப்பினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் முயன்றார். சிந்துவுக்கு அழுகை வந்தது.