முடிவு வரும் வரை

செத்த கோழியைக் கூண்டிலிருந்து எடுக்கும்போது ஒரு கையால் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து, மறு கையால் இறக்கைகளை உடம்போடு அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கை விரிந்து கம்பியில் மாட்டிக்கொள்ளும். கூடவே அடைந்து கிடக்கும் மற்ற மூன்றும் மிரண்டு கத்த, வரிசை முழுக்க அந்தக் கத்தல் பரவும். நூகரத்னம் ஆறு வருஷமாக இதைச் செய்கிறாள். அன்று காலை நான்காம் கொட்டகையின் முதல் வரிசை முடிவதற்குள் அவளுடைய சாக்கு நிறைந்துவிட்டது.

வழக்கமாக ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ சாகும். அன்று நாற்பத்து மூன்று. கொண்டை கறுத்து, கழுத்து தொங்கி, சில இன்னும் சூடாகவே இருந்தன. சாக்கை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மேஸ்திரி சத்திபாபு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"எத்தனை?"

சொன்னாள். அவன் சாக்கைத் திறந்து பார்க்கவில்லை. "வாயைத் திறக்காதே. முதலாளி ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான்.

கேட் பூட்டி எட்டு நாளாகியிருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் பறவைக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று பண்ணைகளின் கோழிகளைக் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். அன்றிலிருந்து இந்தப் பண்ணையின் இருபத்திரண்டு வேலையாட்களில் யாரும் வெளியே போகக் கூடாது. வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. அரிசியும் பருப்பும் கேட்டுக்கு வெளியே இறங்கும். யாராவது படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாருடைய போனையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டார்கள்.

சாக்கைக் குழியில் கொட்டிவிட்டு நூகரத்னம் தன் அறைக்கு ஓடினாள். தீவனக் கிடங்கின் பின்சுவரை ஒட்டி, தகரம் போட்ட வரிசையில் கடைசி அறை. உள்ளே அவள் புருஷன் அப்பலசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வரவில்லை. நாலு நாளாக உடம்புக்கு முடியவில்லை. முதல் இரண்டு நாள் வெறும் இருமலும் காய்ச்சலும். நேற்றிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் இரண்டும் ஏறி இறங்கின.

"கூழ் அப்படியே இருக்குதே மாமா. ரெண்டு வாய்கூட குடிக்கலியா?"

"குடிச்சா... இருமல் வருது. எத்தனை போச்சு?"

"நாப்பத்து மூணு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சோளம்தான்டி. நான் அன்னிக்கே சொன்னேன்."

அப்பலசாமிக்குத் தீவன அறையில் வேலை. மக்காச்சோளத்தை அரைத்து, சோயாப் பிண்ணாக்கும் கிளிஞ்சல் தூளும் சேர்த்துக் கலக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் மழையில் நனைந்த சோளம் நாலு லாரி வந்து இறங்கியது. கட்டிகட்டியாக இருந்ததை மண்வெட்டியால் உடைத்து உடைத்து அரவையில் தள்ளினான். பச்சையாய்த் தூசி கிளம்பி அறை முழுக்க நின்றது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வான்; சாயங்காலம் அந்தத் துண்டை உதறினால் சாம்பல் மாதிரி கொட்டும். இதைக் கோழிக்குப் போடலாமா என்று சத்திபாபுவைக் கேட்டதற்கு, "நீயா திங்கப்போறே?" என்று சிரித்தான்.

நூகரத்னம் திரும்பவும் ஆபீசுக்குப் போனாள்.

"பாபு, எம் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மூச்சு விட முடியல. உங்க காலைத் தொட்டுக் கேக்கிறேன்."

"நேத்தே சொன்னேன்ல? மாத்திரை குடுத்தேன்ல?"

"மாத்திரைக்குக் கேக்கல பாபு."

சத்திபாபு எழுந்து வந்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. போன வருஷம் அவளுக்குக் கை முறிந்தபோது தன் வண்டியில் வைத்துக் கூட்டிப் போனவன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"யோசிச்சுப் பாரு. கோழிப்பண்ணை ஆளு, காய்ச்சல், மூச்சுத் திணறல்னு ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னா என்ன பண்ணுவான்? மூக்குல குச்சி விடுவான். கலெக்டருக்குப் போன் போகும். சாயங்காலத்துக்குள்ள இங்க பொக்லைன் வந்து நிக்கும். எண்பதாயிரம் கோழி, ரத்னம். அத்தனையும் குழிக்குள்ள. அப்புறம் நீ எங்க போவே, நான் எங்க போவேன்? டாக்டரம்மா இன்னிக்கு வராங்க. ரத்தம் எடுத்து அனுப்பட்டும். முடிவு வர வரைக்கும் பொறு. ரெண்டே நாள்."

"அவரு ரெண்டு நாள் தாங்குவாரா பாபு?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

வாசலில் சிம்மாசலம் நின்றிருந்தான். முதல் கொட்டகைக்காரன்; ஸ்ரீகாகுளம் பக்கம் இவர்களுக்குப் பக்கத்து ஊர். இவர்களை இந்தப் பண்ணையில் சேர்த்துவிட்டதே அவன்தான். அவளோடு கூடவே நடந்தான்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதே. கோழியைப் புதைச்சா நம்ம இருபத்திரண்டு பேரும் ரோட்டுல. எங்க போனாலும், நோய் வந்த பண்ணையா, வேண்டாம்பான். ரெண்டு நாள்தானே. நான் வந்து பாத்துக்கிறேன்."

"உன் தம்பியா இருந்தா இப்படிச் சொல்லுவியா அண்ணா?"

சிம்மாசலம் கொஞ்ச தூரம் வந்துவிட்டு, தன் கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டான்.

டாக்டரம்மா பதினொரு மணிக்கு வந்தாள். ஸ்ரவந்தி என்று பெயர். கால்நடை டாக்டர்; ஐயாவிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வெள்ளை அங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு நான்காம் கொட்டகைக்குள் நுழைந்தவள், பாதி தூரம் போவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன இது, அமோனியா இப்படி எரியுது! கோழிக்கெல்லாம் கண்ணுல தண்ணி வடியுது பாருங்க. கீழே எருவை வாரி எத்தனை நாளாச்சு? இந்தக் காத்துல எப்படி மூச்சு விடும் அதுங்க? பக்கத்துப் படுதாவை எல்லாம் தூக்கிவிடுங்க. தண்ணியில ஐஸ் போடுங்க, வைட்டமின் கலக்குங்க."

சத்திபாபு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். நூகரத்னம் கோழிகளை ஒன்றொன்றாக எடுத்துப் பிடிக்க, டாக்டரம்மா இறக்கைக்கடியில் ஊசி வைத்து ரத்தம் எடுத்தாள். செத்த மூன்றை அறுத்து ஈரலைப் பார்த்தாள். மஞ்சளித்து நொறுங்கிய ஈரலை விரலால் தொட்டுவிட்டு, தீவனத் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி முகர்ந்து, அதையும் ஒரு பையில் போட்டுக் கட்டினாள்.

பன்னிரண்டாவது கோழியை நீட்டும்போது நூகரத்னம் சொன்னாள்: "அம்மா, எம் புருஷனை ஒரு தடவை பாருங்கம்மா."

"ஏய்" என்றான் சத்திபாபு.

டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தாள். அறைக்குள் குனிந்து நுழைந்து, அப்பலசாமியின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். அவன் உதடுகளையும் நகங்களையும் பார்த்தாள். நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

வெளியே வந்து சத்திபாபுவிடம் மெதுவாகச் சொன்னாள். "இவரை இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இது என் வேலை இல்லை. ஆனா இது தெரியறதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம்."

"ஐயாகிட்ட நீங்களே பேசுங்கம்மா."

அவள் போனில் பேசினாள். வேப்ப மரத்தடியில் நின்று, முதலில் வேகமாக, பிறகு "சார், சார்" என்று இடைவெளி விட்டு, கடைசியில் "சரி சார்" என்று. திரும்பி வரும்போது நூகரத்னத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளை மறுநாள் காலையில முடிவு வந்துரும். நானே கூட உக்காந்து வாங்குறேன். அதுவரைக்கும் சாய்ச்சு உக்கார வை. காத்து படட்டும்."

"உங்க வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருங்கம்மா. நான்கூட வரல. அவரை மட்டும்."

"முடியலம்மா" என்றாள் அவள். ரத்தம் எடுத்த குழாய்களை ஐஸ் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, அசையாமல் இருக்கச் சுற்றிலும் பஞ்சு வைத்து, பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். கேட் அந்த ஜீப்புக்குத் திறந்து மூடிக்கொண்டது.

மத்தியானம் கோழிகளுக்கு ஐஸ் வந்தது. பாளம் பாளமாக உடைத்து ஒவ்வொரு கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியிலும் போட்டார்கள். நூகரத்னம் ஒரு ஐஸ் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய் அப்பலசாமியின் நெற்றியில் வைத்தாள்.

"கோழி ஐஸா?" என்றான் அவன்.

"ஆமா. உனக்குன்னு யாரு வாங்குவா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாகி நிற்கவே இல்லை. அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. மறுநாளும் அவள் மூன்று வேளையும் தீவனம் போட்டாள், முட்டை பொறுக்கினாள், செத்ததை எடுத்தாள். ஐம்பத்தெட்டு. இடையிடையே ஓடிவந்து, அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் மார்பில் அவனைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு தடவை காவல்காரனிடம் போய்க் கேட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். "சாவி என்கிட்ட இல்லக்கா" என்று அவன் இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டினான். வேலிக்குப் பின்னால் கால்வாய், அதற்கப்புறம் வயல். பத்தடி நடக்க முடியாதவனை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து என்ன செய்ய?

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு ஆபீசிலிருந்து சத்திபாபு கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

"இல்லையாம்! பறவைக் காய்ச்சல் இல்லையாம்! சோளத்துல பூஞ்சையாம், அதோட விஷம்தானாம். தீவனம் மொத்தத்தையும் மாத்தச் சொல்லிட்டாங்க!"

சிம்மாசலம் துண்டைத் தூக்கி வீசினான். பெண்கள் கைதட்டினார்கள். பத்து நாள் முட்டை கிடங்கில் கூரை வரை அடுக்கிக் கிடந்தது. ஐயா அனுப்பிய லாரிகள் ஏற்கெனவே நெடுஞ்சாலையில் காத்திருந்தன போலிருக்கிறது. அரை மணி நேரத்தில் மூன்று உள்ளே வந்துவிட்டன. நல்ல சோளம் ஏற்றிய லாரி ஒன்றும் வந்தது. சத்திபாபு பீரோவைத் திறந்து போனைக் கையில் கொடுக்க, நூகரத்னம் நூற்றெட்டுக்குப் போட்டாள். வழி சொல்லத் தெரியாமல் அவள் திணற, அவனே வாங்கிச் சொன்னான்.

அப்பலசாமியைத் தீவன வண்டியில் உட்கார வைத்து, சிம்மாசலமும் இன்னொருவனும் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். நூகரத்னம் அவன் முதுகில் கையை வைத்து அணைத்துப் பிடித்தபடி கூடவே நடந்தாள். ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது. அதிலிருந்தவன் இறங்கிக் கேட்டைத் திறக்கச் சொல்ல, காவல்காரன் கையை நீட்டித் தடுத்தான்.

"இருங்க. ஆஸ்பத்திரி வண்டி. எங்கெங்கயோ போய்ட்டு வருது. மருந்து அடிக்காம கேட்டைத் திறக்கக் கூடாதுன்னு ஐயா உத்தரவு. பண்ணைக்கு நோய் வந்துரும்."

"ஆளைப் பாருய்யா! ஆக்சிஜன் வைக்கணும்!"

"ஒரு நிமிஷம்தான் சார். நாலு சக்கரம். என் வேலை போயிரும்."

காவல்காரன் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு முன்சக்கரத்தருகே குந்தினான். குழாயிலிருந்து வெள்ளையாய்ப் புகை மாதிரி அடித்தது. மேலும் கீழும், உள்பக்கமும், சொல்லிக் கொடுத்தபடியே அடித்தான். பிறகு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான். மூன்றாவதற்கு அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, நூகரத்னத்தின் கைக்கடியில் மூன்று நாளாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த முதுகு அமைதியாயிற்று. இளைப்பு தணிந்துவிட்டதென்று நினைத்து அவள் அவன் முகத்தருகே குனிந்தாள்.

"மாமா. வண்டி வந்துருச்சு மாமா. பாரு."

காவல்காரன் எழுந்து, தொட்டியின் பிடியை நாலு தடவை அடித்து அழுத்தம் ஏற்றிக்கொண்டு, நான்காவது சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.