டி-யில் இருந்த அண்ணன்

ஜெயப்பிரகாஷுக்கு எதிலும் அவசரம். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை என்று திருமானூரில் வீடே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியதில் வந்த வினை அது. அண்ணி அம்பிகாவாவது முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலேஜில் விண்டோஸ் போதாது, லினக்ஸும் வேண்டும் என்கிறார்கள், அண்ணனுடைய லேப்டாப்பைக் கொடுங்கள் என்று லீவில் வந்து நின்றவனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அவரு வீடியோ இருக்கு தம்பி. பாத்துச் செய்ங்க."

"பழசுல கையே வைக்க மாட்டேங்க அண்ணி. விண்டோஸ் அப்புடியே இருக்கும். பக்கத்துல லினக்ஸுக்குத் தனியா ஒரு எடம் ஒதுக்குறேன், அவ்ளோதான்."

அண்ணன் ராஜராஜன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். அரியலூர் ரோட்டில் வண்டி கவிழ்ந்து அவன் செத்தபோது அம்பிகா நிறைமாதம். அவன் போனும் அவனோடு நசுங்கிப்போனது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடியோ. வளைகாப்பு அன்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, வயிற்றிலிருக்கும் பிள்ளையிடம் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தான். பாதிப் பேச்சு, பாதிச் சிரிப்பு. இப்போது இரண்டு வயதாகும் அந்தப் பெண், லேப்டாப்பைத் திறந்தாலே "அப்பா" என்று ஓடிவருவாள். அவளுக்கு அப்பா என்றால் அதற்குள் இருப்பவன்தான்.

"எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டு வைங்க அண்ணி. ஃபார்மட் பண்ணா சி மட்டுந்தான் போவும், டி பத்திரம்" என்று முன்பு வைரஸ் வந்தபோது சொன்னவனும் ஜெயப்பிரகாஷ்தான். ரிப்பேர் கடைக்காரர்கள் அத்தனை பேரும் சொல்வதுதான் அது. அம்பிகா அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். அப்படியும் மனசு கேட்காமல் ஒரு பென்டிரைவிலும் ஏற்றி பீரோவில் வைத்திருந்தாள்.

லினக்ஸ் ஏற்ற பென்டிரைவ் வேண்டும். அதையே கேட்டு வாங்கினான். இதிலுள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. அதான் டி-யில் இருக்கிறதே என்று சரி கொடுத்தான், படுபாவி.

முழு டிஸ்க்கையும் அழிக்கும் வழியைத் தொடவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது. வாங்கிய கடையிலேயே டிஸ்க்கை சி, டி, இ என்று சம பங்காகப் பிரித்திருந்தார்கள். இ காலி. ஆனால் லினக்ஸ் காட்டிய திரையில் அந்தப் பெயர்கள் இல்லை, வெறும் எண்கள்தான். மூன்றாவதுதானே இ என்று மூன்றைத் தொட்டு ஃபார்மட் கொடுத்தான். விண்டோஸ் தனக்கென்று முன்னாலேயே ஒரு சின்னத் துண்டை ஒதுக்கி வைத்திருக்கும் என்பது அந்த மேதாவிக்கு உறைக்கவில்லை. அதைச் சேர்த்து எண்ணினால் மூன்றாவது டி.

லினக்ஸ் ஜோராக ஏறியது. திரும்ப விண்டோஸுக்குள் போனான். சொன்னபடி அது அப்படியே இருந்தது. இ-யும் காலியாகவே இருந்தது. டி-யைக் காணோம்.

அழிந்ததை மீட்க என்னென்னவோ செய்து பார்த்தான். துண்டு துண்டாக ஏதேதோ வந்தது, ஒன்றும் ஓடவில்லை. ஜெயங்கொண்டத்தில் தெரிந்த கடைக்குப் பஸ் பிடித்து ஓடினான். கடைக்காரர் உத்திராபதி லேப்டாப், பென்டிரைவ் ரெண்டையும் நெடுநேரம் குடைந்துவிட்டு, "மேல புதுசு எழுதிட்டியேப்பா, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை நீட்டினான். அம்பிகா அதை வாங்கி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆன் செய்தாள். எதைத் திறக்க என்று கேட்டு விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு பெயர்கள் வந்தன.

"இதுல எதுல தம்பி அவரு இருக்காரு?"

"ரெண்டுலயும் இல்லீங்க அண்ணி." லேப்டாப்பை மூடப் போனான். "டி-ய அழிச்சுட்டேன். தெரியாம பண்ணிட்டேன்."

"பென்டிரைவ்ல இருக்குமே?"

"அதையும் நாந்தான் அழிச்சேன்."

அம்பிகா அழவில்லை, திட்டவில்லை. அவள் நாலு அறை விட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு. பிள்ளை திரையைத் தட்டித் தட்டி "அப்பா, அப்பா" என்றது. அவள் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் உட்கார வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. இவகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

அப்பா இல்லை என்று அந்தப் பிள்ளைக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.