மாமாவின் மண்ணீரல்

என் மாமா பெரிய டாக்டர். பெரிய டாக்டர் என்றால், வீட்டு ஆட்களைத் தொட்டுக்கூடப் பார்க்காத டாக்டர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி வாயாலேயே வைத்தியத்தை முடித்துவிடுவார். அம்மா அவருக்குச் சொந்த அக்கா. "வெந்நீர்ல குளிச்சா உடம்பெல்லாம் அரிக்குதுடா தம்பி, முகம் வேற செவந்து போகுது" என்று அவள் சொன்னபோது, "அறுபது வயசுல அரிக்காம என்னக்கா பண்ணும்? ஏதாவது களிம்பு வாங்கிப் பூசு" என்று சிரித்தார். அதே வருடம் மூளையில் ரத்தம் அடைத்து அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் பாகு மாதிரி இருந்தது. அப்போது நான் மருத்துவ மாணவி. பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ரத்தப் புற்றுநோயை நான் எடுத்துப் படித்ததே அந்த ஆத்திரத்தில்தான். சேவையாவது மண்ணாங்கட்டியாவது!

போன மாதம் மாமாவே என் அறைக்கு வந்தார். கிழவராகிவிட்டார், முகம் மட்டும் தக்காளிச் சிவப்பு.

"ஒண்ணுமில்லம்மா, குளிச்சா அரிக்குது. வயசாகுதில்ல? ஒரு களிம்பு எழுதிக் குடு, போயிடறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், பேனாவைத் திறந்துவிட்டேன். அவர் கேட்டதைத்தானே கொடுக்கப் போகிறேன்? வினை விதைத்தவன் வினை அறுக்கட்டும். நினைக்கவே வயிறு குளிர்ந்தது. ஆனால் அப்படிச் செத்தால் எதற்காகச் செத்தோம் என்று அவருக்குத் தெரியாதே. அது எனக்குப் போதாது.

"படுங்க மாமா."

இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னேன். வீங்கிய மண்ணீரல் விரலில் வந்து முட்டியது. அவருக்கும் புரிந்துவிட்டது, முகம் மாறியது. பரிசோதனைகளும் அதையே சொல்லின: ரத்தம் அளவுக்கு மீறி ஊறும் அபூர்வப் புற்று. மாத்திரை உண்டு, அதற்கு முன் ரத்தத்தை எடுத்துக் குறைக்க வேண்டும்.

"உங்க ரத்தத்த எடுக்க எத்தன வருஷமா காத்திருக்கேன் தெரியுமா?" என்றேன், ஊசியைக் குத்தியபடி. நர்ஸ் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள்.

பை பாதி நிரம்பியபோது மாமா கேட்டார்: "அக்காவுக்கும்... இதுதானா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"இதேதான். ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தா பொழச்சிருப்பாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன விட்டுடும்மா. எனக்கு வைத்தியமே வேண்டாம்."

"அதெப்படி மாமா? ஒழுங்கா வந்தீங்கன்னா இன்னும் பல வருஷம் இருப்பீங்க. நான் சாக விடமாட்டேன்."

அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, கைத்தாங்கலாக அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.