வாடிக்கையாளர் வீட்டுச் சாவு

குமாசி நகரத்தில் பொக்குவாவுக்குத் தெரியாத சாவு வீடு குறைவு. பந்தல், நாற்காலி, சாப்பாடு, சுவரொட்டி என்று எல்லாவற்றையும் முன்னின்று நடத்திக் கொடுப்பது அவள் தொழில். கூட வேலைக்குத் தூஃபி ஒருத்திதான். போன் மூன்று தடவை அடிப்பதற்குள் பொக்குவா எடுத்துவிடுவாள். பேசி முடித்ததை அன்றைக்கே எழுதியும் அனுப்பிவிடுவாள். சொந்தக் கவலையை மட்டும் வாடிக்கையாளர் வாசற்படிக்குக் கொண்டுபோனதே கிடையாது. பதினொரு வருடம் தொழில் நிலைத்தது இதனால்தான் என்று நம்பினாள்.

வியாழக்கிழமை காலை அவள் கணவன் யாவ் ஆஸ்பத்திரியில் இறந்தான். நர்ஸ் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்தபோது போன் அடித்தது. துணி வியாபாரி பிராகோ. அவளுடைய இறந்த தாயாருக்குச் சனிக்கிழமை சடங்கு, பொக்குவாவின் பொறுப்பில்.

"சொல்லுங்க மேடம்."

"பந்தல் துணி கறுப்பு வெள்ளைதானே? தொண்ணூறு வயசு வாழ்ந்த மனுஷி. அகாலச் சாவுக்குக் கட்டுற சிவப்பைக் கட்டி அசிங்கப்படுத்திடாத."

"கறுப்பு வெள்ளைதான் மேடம். இப்பவே எழுதி அனுப்புறேன்."

தாழ்வாரத்தில் நின்றே அனுப்பினாள். ஓர் எழுத்து பிசகியது. திருத்தி மறுபடி அனுப்பினாள்.

சேதி கேட்டுத் தூஃபி அழுதாள். "அக்கா, வேற யார்கிட்டயாவது கைமாத்தி விட்டுடலாம். சொன்னா அந்தம்மா புரிஞ்சுக்கும்."

"தாயைப் புதைக்கிறவங்க என் புருஷன் கதைய எதுக்குக் கேக்கணும்? நீ வாயத் திறந்தே, நாளையிலேருந்து வேலைக்கு வராத."

சனிக்கிழமை எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பிராகோவின் தாய்மாமன் இருக்கைக்குத் தண்ணீர் வராதது மட்டுந்தான் குறை. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று பிராகோ கூட்டத்தின் நடுவே கத்தினாள். பொக்குவா சிரித்த முகத்தோடு மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தானே ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினாள்.

அப்போதுதான் யாவின் அக்கா அஃப்ராகோமா தலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் புகுந்தாள். "எந் தம்பி பிணவறையில கெடக்கான். இவ இங்க பல்லக் காட்டிக்கிட்டுத் தண்ணி ஊத்துறா, பாருங்க!"

பிராகோ திரும்பினாள். "நிசமாவா?"

"ஆமா மேடம். வியாழக்கிழமை."

ஒரு கணம், பிராகோவின் கை ஆறுதலாகத் தன் தோளில் விழும் என்று பொக்குவா எதிர்பார்த்தாள். பிராகோ அவள்மேல் படாமல் தன் உடுப்பை ஒதுக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

"அந்தத் தீட்டுக் கையோட எங்கம்மா பொட்டியத் தொட்டியா? புருஷன் செத்தும் சிரிக்கத் தெரிஞ்சவ, வேற எதத்தான் மறைக்க மாட்டே! வெளிய போடி."

பொழுது சாய்வதற்குள் சேதி சந்தை முழுவதும் பரவியது. திங்கட்கிழமை இரண்டு வீட்டார் அவள் வேண்டாம் என்று சொல்லக் கூப்பிட்டார்கள். இரண்டு போனையும் உடனே எடுத்தாள்.

ஊர் வழக்கப்படி ஐந்து வாரம் கழித்து, சடங்குக்கு உரிமையுள்ள யாவின் தாய்வழிச் சொந்தங்கள் வேறோர் ஆளை அமர்த்திச் சடங்கை நடத்தினார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதவைக் கறுப்பு உடுத்தி அவளைப் பாயில் உட்கார வைத்தார்கள். பந்தல் ஒரு பக்கம் தொங்கியது. வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். அமர்த்தப்பட்டவன் வியர்த்து வழிந்து அவள் காதோரம் குனிந்தான்.

"அக்கா, நாற்காலி பத்தல. நீங்க எங்க எடுப்பீங்க?"

"பந்தாமா ரவுண்டானா பக்கத்துல நாற்காலி வாடகைக்கு விடுற அட்டாகோராகிட்ட. நம்பர் சொல்றேன், எழுதிக்க."

"பாத்தீங்களா?" பின்னாலிருந்து அஃப்ராகோமா உரக்கச் சொன்னாள். "இப்பவும் யாவாரந்தான்."

சுற்றிலும் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொக்குவா நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்களையும் தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.