படியே இல்லாத நூலகம்

என் தங்கைக்கு வீட்டில் வைத்திருக்கும் பட்டப்பெயர் டேப்பு. கட்டட வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அளக்கிற டேப் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் மேசையின் உயரத்தை அளப்பாள். என் செருப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படிப்பட்டவள், இறுதியாண்டு மாதிரியை வீட்டுக் கூடத்திலேயே ஒரு மாதம் உட்கார்ந்து செய்து முடித்துவிட்டு, அதைக் கல்லூரிக்கு எடுத்துப்போக வேண்டிய காலையில்தான் வாசல் கதவை முதன்முதலாக அளந்தாள்.

கதவு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். மாதிரி அகலத்தில் எழுபத்தாறு, உயரத்தில் எழுபது. எப்படிப் புரட்டினாலும் வெளியே போகாது. ஜன்னலில் கம்பி, பின்வாசல் கிடையாது. மணி எட்டு. பத்து மணிக்கு மதிப்பீடு, தவறினால் ஒரு வருடம் போச்சு. போதாக்குறைக்கு, மாதிரியை ஏற்றிப்போக வேன் வாசலில் வந்து நிற்கிறது.

"அண்ணா, திட்டாத."

"திட்ட இப்ப நேரமில்ல. சாயங்காலம் வச்சுக்கறேன்."

அவள் செய்திருந்தது படியே இல்லாத ஒரு நூலகம். தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி ஏறும். பாதை நெடுக அலமாரிகள். சக்கர நாற்காலியில் வருகிறவர் யார் தயவும் இல்லாமல் புத்தகம் எடுத்துக்கொண்டு மேலே வரை போகலாம். அப்பாவின் நாற்காலியை அளந்துதான் வரையவே ஆரம்பித்தாள். நாற்காலி அறுபத்தாறு, அதனால் நூலகத்தின் எல்லாக் கதவுகளும் தொண்ணூறு. நான் லிஃப்ட் மெக்கானிக். "எல்லாரும் இப்படிக் கட்டினா என் பொழப்பு என்ன ஆகறது?" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டர். ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொன்னாலே தவித்துப்போகிற மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து கால் விழுந்துவிட்டது. முதலில் சில மாதம் நாற்காலியை மடக்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாக அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போவோம். ஒருமுறை தூக்கும்போது சட்டை மேலே ஏறி, தெருவே வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும், "வெளிய என்ன கொட்டிக் கிடக்கு?" என்பார். அதை நாங்களும் நம்பிவிட்டோம். நம்புவது வசதியாகவும் இருந்தது. அவர்தான் எப்போதும் வீட்டில் இருக்கிறாரே என்று நானும் தங்கையும் சாவி எடுத்துப்போவதையே விட்டுவிட்டோம்.

தங்கை ரம்பத்தை எடுத்துவந்தாள். மாதிரியை இரண்டாக அறுத்து, அங்கே போய் ஒட்டிக்கொள்வதாகச் சொன்னாள். கை வைக்க மனசு வராமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அதை அறுக்காதம்மா," என்றார் அப்பா, கூடத்து மூலையிலிருந்து. "கதவு நிலையைக் கழட்டுங்க."

"கழட்டினாலும் பத்துமான்னு தெரியலயேப்பா," என்றேன்.

"பத்தும். எழுபத்தெட்டு கிடைக்கும்."

நான் டேப்பை வாங்கி நிலையின் வெளி ஓரங்களை அளந்தேன். சரியாக எழுபத்தெட்டு.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் தங்கை.

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நீ ஒருநாள் டேப்பை மேசை மேல வச்சுட்டுப் போயிட்ட. அப்ப அளந்து பாத்தேன்."

"அளந்துட்டு ஏன் சொல்லல?"

"நல்லா இருக்கற வாசலை இடிங்கன்னு நான் எப்படிச் சொல்றது? உங்களுக்கா தோணினா செய்வீங்கன்னு விட்டுட்டேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாற்காலி அறுபத்தாறு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள் என் தங்கை. நான் தினமும் லிஃப்ட் கதவுகளோடு புழங்குகிறவன். அந்த நாற்காலிக்காக வாசலை அகலப்படுத்தலாம் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அதையெல்லாம் கடப்பாரையில் காட்டினேன். கதவைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, நிலையைப் பெயர்த்தேன். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கூடம் முழுக்கக் கொட்டின. தங்கை மாதிரியின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டு அப்பாவின் தலையைத் துண்டால் மூடினாள்.

ஒன்பதே காலுக்கு மாதிரி ஒரு கீறல் இல்லாமல் வெளியே போய் வேனில் ஏறியது. டிரைவர் ஹாரன் அடித்தார். தங்கை ஏறவில்லை. திரும்பி வந்து, கழற்றி வைத்த கதவை இழுத்து வாசல் படியின் மேல் குறுக்குவாட்டில் சரிவாகப் போட்டாள். நாற்காலியின் பின்னால் போய்ப் பிடித்தாள்.

"கையை எடும்மா. நானே பாத்துக்கறேன்."

அப்பா சக்கரங்களைத் தானே தள்ளி, கதவுப் பலகையின் மேல் மெல்ல இறங்கித் தெருவுக்கு வந்தார். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். தங்கை அழுதேவிட்டாள்.

"அழுதா மார்க் போடுவாங்களா? கிளம்பு, நேரமாச்சு," என்றார் அப்பா.

வேன் திரும்பி மறைந்தது. அப்பா தெருமுனையைப் பார்த்து நாற்காலியைத் திருப்பினார். நான் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

"நீ எங்கடா வர்ற?" என்றார். "கதவில்லாத வீடு. நீ காவலுக்கு இரு. நான் ஒரு சுத்து போயிட்டு வரேன்."